மங்களத்துக்குப் பிறகு

இதைச் சொல்கிறவன் பல வருடங்களாக இதை நம்பவில்லை.

முழுவதையும் அல்ல, கடைசிப் பகுதியை மட்டும். முன்பகுதியை யாரும் பொய்யாகச் சொல்ல மாட்டார்கள். அதில் யாருக்கும் பெருமை இல்லை.

அவனுக்குச் சொன்னவர் அருணகிரி. ஐம்பது வயதுக்கு மேல் பாட்டுக் கற்றுக்கொண்டவர். கற்றுக்கொடுத்தவர் அபயாம்பாள் டீச்சர்.

"இந்தக் குரலுக்குச் சபா கிடைக்காது. முதியோர் இல்லத்துல போய்ப் பாடுங்க" என்று அனுப்பியதும் டீச்சர்தான்.

இரண்டு வருடம் சனிக்கிழமை தவறாமல் பாடினார். பிறகு ஒருநாள் அருணகிரி டீச்சர் வீட்டில் போய் உட்கார்ந்தார்.

"டீச்சர், நான் நிறுத்திக்கறேன்."

"ஏன்?"

"யாரும் கேட்கறதில்லை. பதினாலு பேர் உட்கார்ந்திருக்காங்க. ஒரு தலை ஆடினதில்லை. பாதிப் பேருக்குத் தன் பேரே ஞாபகமில்லை. சுவரைப் பார்த்துப் பாடற மாதிரி இருக்கு."

"உங்க பாட்டுக்குச் சுவராவது நிக்குதேன்னு சந்தோஷப்படுங்க."

அருணகிரி சிரிக்கவில்லை.

"கடைசியில மங்களம் பாடறீங்களா?"

"பாடாம எப்படி? மங்களம் பாடினாத்தானே கச்சேரி முடிஞ்சதுன்னு அர்த்தம்."

"முடிஞ்சதும்?"

"கிளம்பிடுவேன். அஞ்சரை மணி பஸ்."

"இந்த வாரம் அந்த பஸ்ஸை விட்டுடுங்க."

அந்தச் சனிக்கிழமை மங்களம் பாடிவிட்டு, ஆபீஸ் அறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றார்.

நாற்காலிகள் நகர்ந்தன. பதினாலு பேரும் எழுந்தார்கள்.

ரங்கபாஷ்யம் என்பவர் குனிந்து, நாற்காலிக்கு அடியில் செருப்பைத் துழாவினார். ஒரு அம்மாள் சால்வையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"மோகனம் நன்னா இருந்தது."

"இழுத்துட்டான். இருந்தாலும் பரவாயில்லை."

பேசிக்கொண்டே வாசல் கேட்டுக்கு நடந்தார்கள். கேட் பூட்டியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றார்கள்.

"மாப்பிள்ளை வரேன்னாரே."

"வண்டி வந்துடும். இருங்கோ."

ஆயா ஜெபமணி ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள். ஒரு மணி நேரம் ஆனது. மூன்று பேர் அழுதார்கள்.

"எல்லாச் சனிக்கிழமையும் இப்படித்தான் சார்" என்றாள். "கச்சேரி முடிஞ்சா வீட்டுக்குப் போகணும்ல?"

அடுத்த வாரம் அருணகிரி மங்களம் பாடவில்லை. சுருதிப் பெட்டியை அணைத்துவிட்டு ஓசைப்படாமல் வந்துவிட்டார்.

ஏழு மணிக்கு ஜெபமணி போன் செய்தாள்.

"சார், ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டேங்கறாங்க. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா, கச்சேரி நடுவுல எழுந்தா வித்வானுக்கு அவமரியாதைங்கறார் ரங்கபாஷ்யம் ஐயா. மாத்திரை போடணும் சார். வந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

ஆட்டோ பிடித்துப் போனார். மங்களம் பாடினார்.

பதினாலு பேரும் எழுந்து கேட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை டீச்சர் வீட்டில் அருணகிரியால் உட்காரக்கூட முடியவில்லை.

"முடிச்சாலும் பாவம், முடிக்காட்டியும் பாவம். இனிமே போகவே மாட்டேன்னா, சனிக்கிழமை அவங்களே நாற்காலியைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்துடுவாங்கன்னு ஆயா சொல்றா. கேட்கலையேன்னுதானே உங்ககிட்ட வந்தேன்? கேட்டிருக்காங்க டீச்சர். ஒவ்வொரு வாரமும் கேட்டிருக்காங்க. நான் என்ன செய்யணும்?"



சனிக்கிழமை டீச்சரும் அவரோடு கிளம்பி வந்தார். கேட்பவர்களோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அருணகிரி மங்களம் பாடி முடித்தார்.

பதினாலு பேர் எழுந்தார்கள். டீச்சரும் எழுந்தார். குனிந்து செருப்பைத் தேடினார். அவர்களோடு நடந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்களைக் கூட்டிண்டு போக யார் வரா?" என்று கேட்டார் ரங்கபாஷ்யம்.

"தெரியலை."

ரங்கபாஷ்யம் ரோட்டை எட்டிப் பார்த்தார்.

"எனக்கும் தெரியலை" என்றார்.

காவலாளி அருணகிரியைப் பார்த்ததும் கேட்டிலிருந்த சின்னக் கதவை மட்டும் திறந்துவிட்டான். வெளியே வந்து திரும்பிப் பார்த்தார். டீச்சர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் அருணகிரி படவே இல்லை.

அன்று இருட்டும்வரை டீச்சர் அங்கேயே நின்றாராம். அடுத்த சனிக்கிழமையும் நின்றாராம். சாகும்வரை ஒரு சனிக்கிழமைகூடத் தவறவிடவில்லையாம்.

இந்த இடத்தில் அருணகிரி எப்போதும் கைகூப்புவார். "எப்பேர்ப்பட்ட குரு!" என்பார். கதையை அதோடு முடித்துக்கொள்வார்.

வெளியே போக முடிந்த ஒருவர் போகாமல் நிற்பாரா? இதைச் சொல்கிறவனால் அதைத்தான் நம்ப முடியவில்லை. வருடக்கணக்காக அதையே யோசித்துக்கொண்டிருந்தான்.

போன மாதம்தான், கேட்க வேண்டியது அது இல்லை என்று அவனுக்குப் பட்டது. அருணகிரியின் வீட்டுக்குப் போனான்.

"அந்தச் சின்னக் கதவு திறந்தப்போ," என்று கேட்டான், "நீங்க ஏன் வெளியே வந்தீங்க?"