'ஆகவே' என்றது தவளை

ஒரு காட்டுக்குளத்தில் கோமதி என்ற நாமக்கோழி பள்ளிக்கூடம் நடத்தி வந்தது. நாமக்கோழி ஒரு நீர்ப்பறவை; நெற்றியில் நாமம் போட்டதுபோல் பளிச்சென்று வெள்ளைப் பட்டை. பார்த்தவுடனே யாருக்கும் மரியாதை வந்துவிடும். பிள்ளைகளுக்கு வாதம் செய்து கட்டுரை எழுதக் கற்றுக்கொடுப்பதுதான் அதன் வேலை. பிள்ளைகள் தாமரை இலையில் முள்ளால் கீறி எழுதுவார்கள். பிறகு எழுந்து நின்று படித்துக் காட்டுவார்கள்.

"கருத்தை மட்டும் சொன்னால் போதாது! காரணம் சொல்லு! ஆதாரம் காட்டு! எதிராளி என்ன சொல்வான்னு யோசிச்சு அதுக்கும் பதில் எழுது! கடைசியில 'ஆகவே'ன்னு போட்டு முடி!" என்று கோமதி தினமும் கத்தும்.

அந்த 'ஆகவே'யின் மேல் கோமதிக்கு அப்படி ஒரு பிரியம். 'ஆகவே' இல்லாத கட்டுரைக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிடும். இதனால் குளம் முழுக்க அந்த வார்த்தை பரவியது. "பசிக்குது, ஆகவே சாப்பிடுறேன்" என்று மீன்குஞ்சுகூடப் பேசியது. யாராவது 'ஆகவே' என்றால் போதும், கேட்பவர்கள் தலை தானாக ஆடும். முன்னால் என்ன சொன்னார்கள், பின்னால் என்ன சொல்லப் போகிறார்கள் என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை.

கரையோரக் கோரைப்புல்லில் கோமதி கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. ஒரு நாள் காலையில் கூட்டில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்திலேயே கரையில் ஒரு பொந்தைப் பார்த்தது. எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. மழைக்காலம் நெருங்கிவிட்டது. குளம் நிறைந்தால் தண்ணீர் பொந்துக்குள் புகும். கரை உடையும். முட்டைகள் போகும், குளமும் போகும்.

அதை அடைக்கக் கல் உருட்ட வேண்டும், களிமண் சுமக்க வேண்டும். ஒரு கோழியால் முடிகிற காரியமா? குளத்துத் தலைவரான நீர்நாய் வீரணன் சொன்னால்தான் நீர்நாய்களும் ஆமைகளும் வேலைக்கு வரும்.

நேராக வீரணனிடம் போய், "அண்ணே, கரையில் பொந்து விழுந்திருக்கு, அடைக்கணும்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாத்தியார் புத்தி யாரை விட்டது? 'ஆண்டுத் தேர்வுக்கு இதையே தலைப்பாகக் கொடுப்போம். பிள்ளைகள் வாதாடுவதைக் கேட்டு வீரணன் தானாக வழிக்கு வருவார். பள்ளிக்கும் பெயர் கிடைக்கும்' என்று கோமதி கணக்குப் போட்டது.

தலைப்பு அறிவிக்கப்பட்டது: 'கரைப் பொந்தை அடைக்க வேண்டுமா, வேண்டாமா?' யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுப் போட்டு எடுப்பது அந்தப் பள்ளியின் வழக்கம். 'வேண்டும்' என்ற சீட்டு முத்தாயி என்ற நத்தைக்கு விழுந்தது. 'வேண்டாம்' என்ற சீட்டு சொக்கன் என்ற தவளைக்கு விழுந்தது. சொக்கன்தான் பள்ளியிலேயே கெட்டிக்காரன்.

கோமதிக்குத் திக்கென்றது. சீட்டை மாற்றிக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தது. ஆனால், "எந்தப் பக்கம் வந்தாலும் வாதாடத் தெரியணும், அதுதான் படிப்பு!" என்று வருடம் முழுக்கச் சொன்னது யார்? கோமதிதான். எனவே சீட்டை விழுந்தபடியே விட்டுவிட்டது.

தேர்வு நாளன்று குளமே திரண்டு வந்தது. வீரணன் பாறை மேல் உட்கார்ந்தார்.

முதலில் முத்தாயி எழுந்தது. கட்டுரை எழுதிய இலையை முன்னால் விரித்துக்கொண்டது.

"பொந்து இருக்கு. நான் பக்கத்துலதான் குடியிருக்கேன். நாளுக்கு நாள் பெருசாகுது. மழை வரப்போகுது. எனக்குப் பயமா இருக்கு" என்றது.

"அவ்வளவுதானா?" என்றது கோமதி.

"அவ்வளவுதான் டீச்சர்."

கோமதிக்குக் கோபம் வந்துவிட்டது. "பயமா இருக்குன்னா அது ஆதாரமா? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! எதிராளிக்குப் பதில் எங்கே? 'ஆகவே' எங்கே? மூணு மதிப்பெண்!"

எல்லாரும் சிரித்தார்கள். முத்தாயி ஓட்டுக்குள் போய்விட்டது.

அடுத்து சொக்கன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தது.

"தலைவர் அவர்களே! பெரியோர்களே! பொந்து இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது இன்று வந்த பொந்தா? இப்போது முடிந்த கோடையிலும் இருந்தது! அப்போது கரை உடைந்ததா?"

"இல்லை!" என்றது கூட்டம்.

"ஆகவே, பொந்தால் கரை உடையாது!"

எல்லாத் தலைகளும் ஆடின.

"மழை வரும் என்பார்கள். வந்தால் நல்லதுதானே? நம் கரை முன்னோர்கள் கட்டியது. அதைச் சந்தேகப்படுவது முன்னோர்களைச் சந்தேகப்படுவது அல்லவா? ஆகவே, கல் சுமந்து முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டியதில்லை!"

ஆமைகள்தான் கல் சுமக்க வேண்டியவை. அவற்றின் தலைகள் எல்லாரையும்விட வேகமாக ஆடின.

போன கோடையில் குளத்துத் தண்ணீர் பொந்துக்கு வெகு கீழே கிடந்தது. கோமதிக்கு அது தெரியும். ஆனால் அந்தக் கணத்தில் அது கோமதியின் நினைவுக்கே வரவில்லை. காரணம், ஆதாரம், எதிராளிக்குப் பதில், 'ஆகவே' என்று ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து அதற்குக் கண் கலங்கிவிட்டது. முட்டைகள்கூட மறந்துபோயின.

"பத்துக்குப் பத்து!" என்று கூவியது.

வீரணன் எழுந்தார். "டீச்சரே பத்துக்குப் பத்து போட்டாச்சு. இதுக்கு மேல பேச்சு எதுக்கு? பொந்தை அடைக்க வேண்டாம்!"

அப்போதுதான் கோமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ, அண்ணே! அது தேர்வு! மதிப்பெண் பேசின அழகுக்குப் போட்டது!" என்று ஓடி வந்தது.

"அப்போ பையன் சொன்னது தப்பா?"

"தப்புதான்!"

"தப்புக்கா பத்து போட்டீங்க?"

போன கோடை, தண்ணீர், பொந்தின் உயரம் எல்லாம் கோமதியின் மனதில் முட்டி மோதின. ஒன்றும் வரிசையாக வெளியே வரவில்லை. "அண்ணே, என் முட்டைங்க அங்கேதான் இருக்கு. எனக்குப் பயமா இருக்கு!" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

"பயம் ஆதாரம் ஆகாதே டீச்சர்?" என்றது சொக்கன். கேலியாகச் சொல்லவில்லை. பாடத்தைத்தான் ஒப்பித்தது.

கூட்டம் மறுபடி சிரித்தது. ஆமைகள் நிம்மதியாக வீட்டுக்குப் போயின.

கோமதி தனியாகச் சேறு கொத்தி வந்து பொந்தில் அப்பியது. சிறிது நேரத்தில் முத்தாயியும் ஊர்ந்து வந்தது. ஒரு கோழியும் ஒரு நத்தையும் எவ்வளவுதான் அப்ப முடியும்? அப்பிய சேறு காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

குளம் நிறைந்தது. தண்ணீர் பொந்தைத் தொட்டது. சேறு கரைந்தது. பொந்து வாயாகி, வாய் மடையாகி, கரை இடிந்து விழுந்தது. கோரைப்புல்லோடு கூடும், கூட்டோடு முட்டைகளும் போயின. மீன்களும், சொக்கனின் தம்பி தங்கைகளான தலைப்பிரட்டைகளும் வெள்ளத்தோடு போயின. கரையைப் பிடித்துக்கொண்டிருந்த முத்தாயியும் போய்விட்டது.

மழை விட்டபோது குளம் இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. வீரணன் தன் கூட்டத்தோடு வேறு குளம் தேடிப் புறப்பட்டுவிட்டார். ஆமைகள் பின்னால் நடந்தன.

கோமதி கூடு இருந்த இடத்திலேயே நின்றது. சொக்கன் சேற்றில் தத்தித் தத்தி அதன் பக்கத்தில் வந்தது.

"டீச்சர், என் கட்டுரையில எங்கே தப்பு? நீங்க சொல்லிக் கொடுத்த எல்லாமே இருந்துதே?"

"எல்லாமே இருந்துது" என்றது கோமதி.

"அப்புறம் ஏன் கரை உடைஞ்சுது?"

"நீ சொன்னது உண்மையில்லை."

"அதுக்கு எத்தனை மதிப்பெண் டீச்சர்?" என்று கேட்டது சொக்கன்.

வருடக்கணக்காக மதிப்பெண் போட்டும் அதற்கென்று ஒன்றுகூடக் கோமதி ஒதுக்கியதில்லை.

ஜெயிக்கிற மாதிரி பேசக் கற்றுக்கொடுத்து, பேசுவது உண்மையா என்று கேட்கக் கற்றுக்கொடுக்காத படிப்பு, படித்தவரையும் படிப்பித்தவரையும் ஊரோடு சேர்த்துக் கெடுக்கும்.