தார் தொட்ட கால்

அந்தக் காலத்தில், அதாவது வாத்து கேட்டால் நாய் பதில் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், வாத்துகள் இரண்டு காலையும் ஊன்றித்தான் நின்றன. நான் சொல்வது நம் ஏரிக்கரை வாத்தை அல்ல. வேல்ஸ் என்கிற மழைநாட்டில் வளரும் வெள்ளை வாத்து, நீண்ட கழுத்துக்காரி.

அப்போது ரயில் கிடையாது, லாரி கிடையாது. லண்டன்காரர்கள் பண்டிகைக்கு வாத்துக்கறி தின்ன ஆசைப்பட்டால், அந்த வாத்து தன் காலாலேயே மலை இறங்கி, ஆறு தாண்டி, லண்டனுக்கு நடந்து போய்ச் சேர வேண்டும். தின்கிறவனுக்கு ஒரு வேளை விருந்து. அதற்கு இத்தனை நாள் நடையா என்று கேட்காதீர்கள். உலகம் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது, இன்றைக்கும் பெரிதாக மாறிவிடவில்லை.

கெர்வின் என்பவன் வாத்து ஓட்டிப் பிழைப்பவன். வாத்தின் பாதம் மெல்லிய தோல், கல் பாதையில் கிழிந்துவிடும். அதனால் கிளம்பும் நாளில் ஒரு மரத்தொட்டியில் இளஞ்சூடான தாரை ஊற்றி, பக்கத்தில் மணலைக் கொட்டிவைப்பான். ஒவ்வொரு வாத்தாகத் தாரில் இறங்கி, மணலில் ஏறி வர வேண்டும். காய்ந்தால் அதுதான் செருப்பு.

அவனோடு பேரோ என்ற நாயும் போகும். லண்டன் போய்ச் சேர்ந்ததும் கெர்வின் சந்தையிலேயே தங்கிவிடுவான், பேரோவை மட்டும் முன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவான். அது வந்த வழியே தனியாகத் திரும்பும். வழியில் சத்திரக்காரர்கள் சோறு வைப்பார்கள். வாசலில் நாயைப் பார்த்ததும், புருஷன் பின்னாலேயே வருகிறான் என்று கெர்வினின் மனைவி மாரெட் அடுப்பில் உலை வைப்பாள்.

நடக்கிற வாத்துகள் எல்லா வருஷமும் பேரோவிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கும்.

"அண்ணே, லண்டன்ல என்ன இருக்கு?"

"பெரிய குளம் இருக்கு. கரையெல்லாம் புல்லு. நடங்க."

அந்த வருஷம் கைன்வென் என்ற வாத்து ரொம்பக் களைத்துப்போயிருந்தது. அடைகாத்து, குஞ்சு பொரித்து, பாதியை நரிக்குக் கொடுத்து, மிஞ்சிய இரண்டு பெண்களை வளர்த்து ஆளாக்கியிருந்தது. அந்த இரண்டும் கூட்டத்தில் முன்னால் நின்றன. தார்த்தொட்டி வந்தபோது கைன்வென் ஒரு காலை மட்டும் உள்ளே வைத்தது. இன்னொரு காலை எடுத்துவைக்கத் தெம்பில்லை, அதை இறகுக்குள் இழுத்துக்கொண்டது. தந்திரம் எல்லாம் இல்லை, வெறும் அலுப்புதான். கெர்வினுக்கும் விடியலிலிருந்து குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. கறுத்த கால் ஒன்று கண்ணில் பட்டது. சரி, போ என்று தள்ளிவிட்டான்.

பாதி வழியில் செருப்பில்லாத பாதம் கிழிந்தது. கைன்வென் நொண்டியது, பிறகு நின்றேவிட்டது.

"எழவு, ஒரு கால விட்டுட்டேனே," என்று கெர்வின் தலையில் அடித்துக்கொண்டான். அங்கிருந்த சத்திரக்காரியிடம், "ஆத்தா, இந்த நொண்டிய லண்டன்ல யாரும் சீந்த மாட்டாங்க. உன் முற்றத்துல கிடக்கட்டும்," என்று சொல்லி விட்டுவிட்டான்.

கைன்வெனின் பெண்கள் திரும்பிப் பார்த்தன.

"போங்கடி கண்ணுகளா. குளத்துல எனக்கும் இடம் பிடிச்சு வைங்க," என்றது கைன்வென்.

சத்திரத்து முற்றத்தில் அது ஒற்றைக் காலில் நின்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தது. மழை பெய்தது, விட்டது, மறுபடி பெய்தது. ஒரு நாள் பேரோ மட்டும் தனியாக வந்தது.

"வாங்கண்ணே. என் பொண்ணுங்க எப்படி இருக்கு?"

பேரோ சோற்றுப் பக்கம் போகவில்லை, அப்படியே படுத்துவிட்டது. எத்தனை வருஷப் பொய்! அதைச் சுமந்து சுமந்து அதற்கு நடையைவிட அதிகம் களைப்பு.

"குளம் இல்ல தாயி," என்றது. "பண்டிகை இருக்கு. அவ்வளவுதான்."

கைன்வெனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "எப்பலேருந்து தெரியும்?"

"மொதல் வருஷத்துலேருந்து."

"அப்புறம் ஏன் சொன்னே?"

"குளம்னு சொன்னா நடப்பீங்க. சொல்லலேன்னா வழியில உக்காருவீங்க. உக்காந்தா அவன் தடி எடுப்பான். அடி வாங்கிக்கிட்டே போறதுக்கு, ஆசையோடவாவது போங்கன்னு நெனச்சேன்."

கைன்வென் வாயைத் திறந்தது. திட்டத்தான் நினைத்தது, அழக்கூட நினைத்தது. கழுத்து நீண்டு, தொண்டைக்குள்ளிருந்து ஒரு சீறல் மட்டும் வந்தது. அதுவரை எந்த வாத்தும் அப்படிச் சீறியதில்லை.

மறுநாள் பேரோ கிளம்பியபோது கைன்வெனும் நொண்டிக்கொண்டே பின்னால் நடந்தது. நாய் மெதுவாகத்தான் போனது, அடிக்கடி உட்கார்ந்து காத்திருந்தது.

வாசலில் மாரெட் உலைப்பானையைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். "இதென்ன அதிசயம்! போன வாத்து திரும்பி வந்திருக்கே!" என்றாள். அந்த வீட்டில் அவள் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அப்படி ஒன்று நடந்ததில்லை.

கைன்வென் ஊர் வாத்துகளையெல்லாம் கூட்டி நடந்ததைச் சொன்னது. அடுத்த வருஷம் தார் காய்ச்சியபோது அத்தனை வாத்துகளும் ஒரு காலை இறகுக்குள் ஒளித்துக்கொண்டு நின்றன. கெர்வின் பார்த்தான், பெருமூச்சு விட்டான். போன வருஷத்துத் தப்பு அவனுக்கு மறக்கவில்லை. ஒவ்வொரு வாத்தாகப் பிடித்து, ஒளித்த காலை வெளியே இழுத்துத் தாரில் தோய்த்தான். அவன் கெட்டவன் இல்லை, அவனுக்கும் அடுப்பு எரிய வேண்டும். கைன்வென் வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தது. அதை மட்டும் யாரும் தொடவில்லை.

வழியில் ஒரு குட்டி வாத்து நாயிடம், "லண்டன்ல என்ன இருக்கு?" என்று கேட்டது. பேரோ தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தது.

அன்று முதல்தான், கொஞ்சம் நிற்க நேரம் கிடைத்தாலும் வாத்து ஒரு காலைத் தூக்கி இறகுக்குள் ஒளித்துக்கொள்கிறது. நாயைக் கண்டால் கழுத்தை நீட்டிச் சீறுகிறது. நாயோ, இத்தனை காலம் ஆகியும் சொல்வதற்கு ஒன்றும் கிடைக்காமல், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறது.