விலக்கிய பதினொரு இரவுகள்

இமயத்துக்கு அப்பால், புல்கூட யோசித்து முளைக்கிற மேட்டுநிலம் அது. அங்கே காமா கதிர்களைத் தேடும் தொலைநோக்கி ஒன்று நின்றது. ஆய்வுக்குழுவின் தலைவர் மெஹருன்னிசா. அவருடைய மாணவர் இருதயராஜ், தூத்துக்குடியில் கல்லூரி வேலையை விட்டுவிட்டு நாற்பத்தாறு வயதில் வந்து சேர்ந்தவர். ஆசிரியரைவிட ஐந்து வயது மூத்தவர்.

ஆறு வருஷமாக அவர் பார்த்துவந்தது ஒரே ஒரு சின்ன விண்மீன் மண்டலத்தை. அதில் நட்சத்திரங்கள் கொஞ்சம்தான், எடையோ ஏராளம். கண்ணுக்குப் படாத இருண்ட பொருள்தான் அந்த எடை என்கிறார்கள். அதன் துகள்கள் ஒன்றோடொன்று மோதி அழிந்தால் காமா கதிர் பிறக்கலாம். அது பூமிக்கு வந்து காற்றில் மோதும்போது, இமைப்பதற்குள் மறைகிற நீல ஒளி தெறிக்கும். அந்த ஒளிக்காகத்தான் காத்திருந்தார்.

ஐந்து ஆண்டறிக்கையிலும் 'ஒன்றும் தென்படவில்லை' என்றே எழுதினார். அவருடைய ஆய்வுக்காலம் பங்குனியோடு முடிகிறது. ஊரிலிருந்து பேசும்போது மனைவி தெரசம்மாள் இப்போதெல்லாம் ஆய்வைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்காததுதான் அவரை வதைத்தது.

ஒரு பௌர்ணமி வாரம். நிலவு காய்கிற நாட்களில் தொலைநோக்கிக்கு ஓய்வு. காலையில் இருதயராஜ் மூச்சிரைக்க வந்தார்.

"கிடைத்துவிட்டது மேடம்."

மேசைமேல் வரைபடத்தை விரித்தார். தட்டையான கோட்டின் நடுவே ஒரு முகடு எழுந்து நின்றது. மெஹருன்னிசா வெகுநேரம் அதைப் பார்த்தார்.

"கணக்கிலிருந்து எத்தனை இரவுகளை விலக்கினீர்கள், சார்?"

"பதினொன்று. எல்லாம் மேகம், தூசி. ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதியிருக்கிறேன். வெளியிட்டுவிடலாமா?"

மறுநாள் மெஹருன்னிசா ஒரு பதிவுத் தொகுப்பைக் கொடுத்தார்.

"இது வேறோர் இடம். எந்த இடமென்று கேட்காதீர்கள். அதே முறையில், அதே கவனத்தோடு பாருங்கள்."

இருதயராஜ் நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. முதலில் ஒன்றும் தெரியவில்லை. சந்தேகமான இரவுகளை ஒவ்வொன்றாக விலக்கினார். பனி மூட்டமிருந்த ஒன்று. காற்று சுழன்றடித்த ஒன்று. ஒன்பதாவதை விலக்கியபோது முகடு எழுந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இங்கேயும் இருக்கிறது மேடம்! இரண்டு இடம். இனி யார் மறுப்பார்கள்? இது எந்த மண்டலம்?"

"மண்டலம் இல்லை, சார். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்து வைத்த வெறும் வானம்."

இருதயராஜ் இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"நான் பொய் சொல்லவில்லை மேடம்."

"தெரியும்."

"விலக்கிய இரவுகளில் மேகம் இருந்தது நிஜம்."

"வைத்துக்கொண்ட இரவுகளில்?"

"சிலவற்றில் இருந்தது. அவற்றை விலக்கினால் முகடு தாழ்ந்தது. அதனால் விட்டுவைத்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான், அவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. அப்படியே உட்கார்ந்தார்.

"அப்படியானால் ஆறு வருஷத்துக்கு நான் என்ன எழுதுவது?"

"எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்?"

"ஐநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்."

"அதை எழுதுங்கள். இவ்வளவுக்கு மேல் வெளிச்சம் அங்கே இருந்திருந்தால் நான் கண்டிருப்பேன் என்று எழுதுங்கள். அடுத்து வருகிறவர் இன்னும் மங்கலானதைத் தேடட்டும்."

இருதயராஜ் தலையசைத்தார். எழுந்து கதவருகே போனவர் திரும்பி நின்றார்.

"வெறும் வானத்திலும் முகடு வரும் என்று உங்களுக்கு முன்னமே தெரியும், இல்லையா?"

"தெரியாது சார். அங்கே ஒன்றும் வந்துவிடக் கூடாதே என்று நாலு நாளும் தவித்துக்கொண்டிருந்தேன். நானும் இதைத் தேட ஆரம்பித்துப் பத்தொன்பது வருஷமாகிறது."