ஆட்டிடம் சொன்ன ராஜதுரோகம்

ஆடு மேய்க்கிற காத்தாயி தன் சினையாட்டைப் பார்த்து, “நம்ம ராஜா கணக்கா அசைஞ்சு அசைஞ்சு நடக்குறியேடி” என்று சொல்லிவிட்டாள். புதருக்குப் பின்னால் ஒதுங்கியிருந்த ராஜாவின் தளவாய் காதில் அது விழுந்து தொலைத்தது. அந்தச் சீமையில் குற்றத்தை ஊரூராகப் பறையடித்துச் சொன்ன பிறகுதான் விசாரணை. தளவாயும் வார்த்தை பிசகாமல் அறைந்து சொல்லவைத்தார்.

சபை கூடியது. “ராஜதுரோகம், மகாராஜா. சீமையே உங்கள் நடையைச் சொல்லிச் சிரிக்கிறது. தூண்டிவிட்ட இவள் நாக்கை அறுக்க வேண்டும்” என்றார் தளவாய்.

காத்தாயி கும்பிட்டாள். “நான் ஆட்டுகிட்டதான் சொன்னேன், சாமி. அது ஒருத்தர்கிட்டயும் போய்ச் சொல்லலை. ஊர் ஊராப் பறையடிச்சுச் சொன்னது தளவாய் ஐயாதான். இதுல தூண்டிவிட்டது யாரு?”

ராஜா மெல்லத் திரும்பித் தளவாயைப் பார்த்தார். தளவாய் இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டார்.