தெய்வானையின் மூன்றாவது கால்

"மெஷின்லதானுங்க கோளாறு," என்றார் கிட்டுசாமி.

கொண்டுவந்த செயற்கைக் காலை மேசைமேல் வைத்தார். மேசை அதிர்ந்தது.

கோயம்புத்தூரில் முப்பது வருஷம் பவுண்டரி நடத்தி, பம்புசெட்டுக்கு இரும்பு வார்த்தவர். ஐம்பத்தெட்டு வயதில், தன் மகள் வயதுள்ள பூங்கோதையிடம் முப்பரிமாண பிரிண்டர் வேலை கற்றுக்கொள்ள வந்திருந்தார். வாய் நிறைய டீச்சர் என்பார். சொன்னதைக் கேட்பதில் மட்டும் அந்தப் பக்தியைக் காணோம்.

"இந்த மெஷின்ல நான் போட்ட மூணாவது காலுங்க இது. கனம் குறையவே மாட்டேங்குது. ரெண்டு எட்டு வெச்சா அவளுக்கு மூச்சு வாங்குது."

அவள் என்றது மனைவி தெய்வானையை. சர்க்கரை நோயில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"அக்கா என்ன சொல்றாங்க?"

"இன்னும் ஒரே ஒரு தடவை கட்டிப் பார்ப்பாளாம். அப்பவும் கனத்துச்சுன்னா சக்கர நாற்காலியே போதும்ங்கறா. இதையே அரம் போட்டுக் கொஞ்சம் ராவிக் கொண்டுபோலாம்னு வந்தனுங்க."

பூங்கோதை காலைத் தூக்கிப் பார்த்தாள். வைஸின் இரும்புப் பிடியில் வைத்து முறுக்கினாள். ரம்பத்தை எடுத்து நட்டநடுவில் அறுக்க ஆரம்பித்தாள்.

"ஐயோ டீச்சர்! என்ன பண்றீங்க!"

கிட்டுசாமி, பெண்டாட்டியின் நிஜக் காலையே அறுப்பதுபோல் பதறினார். தடுக்கவும் கை வரவில்லை, பார்த்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை.

கால் இரண்டானது. வெட்டிய பக்கத்தை அவரிடம் நீட்டினாள். உள்ளே கொஞ்சமும் இடைவெளி இல்லை, முழுக்கக் கெட்டி.

"உள்ள எதுக்குங்ணா இப்படி ரொப்பி வெச்சிருக்கீங்க?"

இதுகூடவா தெரியாது என்பதுபோல் அவளைப் பார்த்தார்.

"உள்ள காலியா விடணும்னா, அந்த எடத்துல மண்ணைப் புடிச்சு வெச்சு, அதைச் சுத்தித்தானுங்க வார்க்கோணும். இங்க ரெண்டு முனையும் மூடிக் கெடக்குது. வார்த்ததுக்கப்புறம் அந்த மண்ணை எந்த வழியா வெளிய எடுக்கறது?"

பூங்கோதை ரம்பத்தைக் கீழே வைத்தாள். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த பிரிண்டரின் கதவைத் திறந்தாள். பிளாஸ்டிக் நூல் சூட்டில் இளகி, அடுக்குமேல் அடுக்காகச் சுவர் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது; உள்ளே வெறும் கூடு.

"எந்த மண்ணுங்ணா?"

கிட்டுசாமி குனிந்து பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"அட படுபாவி," என்றார், தன்னைத்தானே.

வெட்டிய இரண்டு துண்டுகளையும் கையில் தூக்கிக் கனம் பார்த்தார்.

"மூணையும் அவ தூக்கிட்டு நடந்தாளேங்க."