காட்டேரியை வழியனுப்புவது எப்படி

தணிகாசலம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். படம் போடக் கற்றுக்கொள்ளப் போன இடத்தில், தன்னைவிட மிகவும் இளையவளான புஷ்பகலாவை “டீச்சர்” என்று கூப்பிட்டார். அவள் அவரை “சார்” என்றாள். யார் யாருக்கு வாத்தியார் என்று பார்ப்பவர்களுக்குக் குழப்பம்தான்.

அவர் வரைந்த ரத்தக்காட்டேரி காமிக்ஸ் சக்கைப்போடு போட்டது. கோரைப்பல், கறுப்பு அங்கி, பூண்டு என்று வெளிநாட்டுச் சரக்கையெல்லாம் அவர் தூக்கிக் கடாசிவிட்டார். அவருடைய காட்டேரி, செத்துப்போன ஒரு காலேஜ் பெண். பொழுது சாய்ந்ததும் தினமும் வீட்டுக்கு வருவாள். அப்பா கதவைத் திறந்து கையை நீட்டுவார். கொஞ்சம் குடித்துவிட்டு, விடிவதற்குள் கிளம்பிவிடுவாள்.

கடைசிப் புத்தகம்தான் இழுத்தடித்தது. முடிவு எங்கே என்று பதிப்பாளர் நச்சரித்தார். தணிகாசலம் அவளை வெயிலில் நிறுத்தினார், நெஞ்சில் ஆப்படித்தார், தீ வைத்தார். வரைந்த முடிவுகளையெல்லாம் அவரே கிழித்தும் போட்டார். அந்தப் பெண்ணுக்கு அவர் மகள் தேன்மொழியின் முகம். ஒருநாள் காலையில் ஸ்கூட்டரில் போன மகள் திரும்பவில்லை. அந்த முகத்தில் தீ வைக்க எந்த அப்பனுக்குக் கை வரும்?

“இவளைக் கொல்றது எப்படி டீச்சர்? என்னால முடியல.”

அவர் வீட்டு மாடிக்கு வந்திருந்த புஷ்பகலா பக்கங்களைப் புரட்டினாள். கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“நான் கிளம்பறேன் சார்.”

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் மரியாதை விடுமா?

“போயிட்டு வாங்க டீச்சர்.”

மாடிப்படி இறங்கிப் போனாள். போன வேகத்தில் ஏறி வந்தாள்.

“எதையாவது மறந்துட்டீங்களா?”

“நீங்கதானே சார் வரச் சொன்னீங்க? சரி, கிளம்பறேன்.”

“போயிட்டு வாங்க” என்றார். பழக்க தோஷம்.

மறுபடி இறங்கினாள், ஏறினாள். இந்த முறை மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலை நீவினாள்.

“கிளம்பறேன் சார்.”

“போயிட்டு...” என்று தொடங்கிய தணிகாசலம் பாதியில் நிறுத்தினார். மேஜையில் கிடந்த பக்கங்களைப் பார்த்தார். ஒவ்வொரு விடியலிலும் வாசலில் நிற்கும் அப்பாவின் வாயருகே அவர் கைப்பட எழுதியிருந்தது: ‘போயிட்டு வாம்மா.’ அன்று காலை ஸ்கூட்டரோடு நின்ற தேன்மொழியிடம் சொன்னதும் அதேதான்.

“வா வான்னு சொல்லி அனுப்பினா அவ வந்துதானே ஆகணும்? அவளுக்கும் கால் வலிக்கும்ல சார்?”

அவர் அழுதார். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

புஷ்பகலா பாதியில் நின்ற கடைசிப் பக்கத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அப்பாவின் பேச்சை எழுதவேண்டிய வட்டம் காலியாக இருந்தது. அவர் பேனாவை எடுத்து ‘போ’ என்று எழுதினார். அதற்கு மேல் கை ஓடவில்லை.

“இத்தோட நிறுத்திட்டா அவ திரும்பி வரமாட்டாளே டீச்சர்.”

“வரமாட்டா சார்” என்றாள் புஷ்பகலா.