கரிச்சான் திருப்பித் தராத குரல்கள்

அந்தக் காலத்தில் ஒரு நாள் காலையில், பொந்தைக் காலி பண்ணச் சொல்லிக் குக்குறுவானுக்குப் பறவைகளின் சபையிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. பறவைகள் பேசிய காலம் என்பதால் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். பொழுது சாய்வதற்குள் அத்திமரத்தை விட்டுப் போய்விட வேண்டும். பொந்துக்குள் அவன் மனைவி மூன்று முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். முட்டையைத் தூக்கிக்கொண்டு வீடு மாற எந்தப் பறவைக்கும் தெரியாது.

அவன் செய்த குற்றம் பாடியதுதான். விடிந்தால் "குட்ரூ, குட்ரூ" என்று ஆரம்பிப்பான், இருட்டினால் நிறுத்துவான். வேறு எதுவும் பாட மாட்டான். பாட்டில் பொருள் உள்ளவர்களுக்குத்தான் அந்த மரத்தில் இடம் என்று சட்டம். "இது பாட்டே இல்ல, இரைச்சல்" என்று தவிட்டுக்குருவிகள் புகார் சொல்லின. அவை போடும் சத்தத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அவை ஏழு பேர்.

இன்னொரு சட்டமும் உண்டு. பாடியவன் தன் பாட்டுக்குத் தானே விளக்கம் சொல்லக்கூடாது. வேறு யாராவதுதான் பேச வேண்டும். பேசுகிறவர் சபை முடியும்வரை யாருடைய குரலையும் இரவல் வாங்கிக்கொள்ளலாம், முடிந்ததும் கொடுத்துவிட வேண்டும்.

"நான் பேசுறேன்" என்று கரிச்சான் முன்னால் வந்தான்.

அப்போது அவனுக்குச் சாதாரண வால். குரலும் ஒன்றே ஒன்று, அதுவும் கரகரப்பு. ஆனால் அவன் குக்குறுவானுக்குப் பக்கத்துக் கிளை. அந்தப் பாட்டைத் தினமும் கேட்டவன். தனக்கு அது புரிந்துவிட்டது என்ற கர்வம் அவனுக்கு உண்டு. உண்மையிலேயே புரிந்தும் இருந்தது.

முதலில் குக்குறுவானின் குரலை வாங்கி, பாட்டு முழுவதையும் ஒரு "குட்ரூ" விடாமல் பாடினான். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. "கேட்டீங்கல்ல? அவ்வளவுதான்" என்று உட்கார்ந்தான்.

"அவன் பாடினதையே நீயும் பாடுறதுக்கு நீ எதுக்குடா?" என்றது ஒரு தவிட்டுக்குருவி. "அதானே" என்றன மற்ற ஆறும்.

சபைத் தலைவர் இருவாச்சி கொட்டாவி விட்டார். "தம்பி, பாட்டு எங்களுக்கும் தெரியும். நீ என்ன சொல்ல வர்றே?"

"அருமையான பாட்டுங்கய்யா. ரொம்ப ஆழமான பாட்டு."

"எங்க ஆழம்? காட்டு."

கரிச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. காட்டுகிறேன் பார் என்று, முன்னும் சொல்லாமல் பின்னும் சொல்லாமல், வல்லூறின் குரலை எடுத்து "கீ, கீ, கீ" என்று கத்தினான்.

சபை சிதறியது. இருவாச்சி முள்புதருக்குள் தலையைக் கொடுத்தார். குக்குறுவானின் மனைவிகூடப் பொந்தைவிட்டு ஓடிவிட்டாள். முட்டைகள் தனியாகக் கிடந்தன. வல்லூறு வரவே இல்லை என்று தெரிந்து எல்லோரும் திரும்பி வர வெகு நேரம் ஆனது.

"உன் வாயில யார் குரல் வருதுன்னு எங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார் இருவாச்சி, அலகிலிருந்த முள்ளை உதறிக்கொண்டே. "இன்னும் ஒரு தடவைதான். அதுலயும் சொதப்பினா அவன் கிளம்ப வேண்டியதுதான்."

தப்பு தன்னுடையதுதான் என்று கரிச்சானுக்குத் தெரிந்தது. பொந்துக்குத் திரும்பிய குக்குறுவானின் மனைவியைப் பார்த்தான். பிறகு குனிந்து, தன் வாலின் ஓரத்து இறகுகள் இரண்டையும் அலகால் பிடித்து, நுனியில் மட்டும் ஒரு குஞ்சம் விட்டுவிட்டு மற்றதை உருவி எறிந்தான். இரண்டு கம்பிகளும் இரண்டு குஞ்சங்களும் மிஞ்சின.

"இடது குஞ்சம் ஆடினா இரவல் குரல் ஆரம்பம். வலது ஆடினா அது முடிஞ்சுது. நடுவுல வர்றது என்னோடது இல்ல. மத்த எல்லாம் என்னோடது."

"நல்லா இருந்த வாலைக் கெடுத்துக்கிட்டியே."

"என் வால்தானே" என்று சொல்லிவிட்டு அவன் பேச ஆரம்பித்தான்.

"நேத்து நீங்க எல்லாரும் இங்கதான் பழம் தின்னுக்கிட்டு இருந்தீங்க. குக்குறுவான் 'குட்ரூ, குட்ரூ'ன்னு நிதானமா பாடிக்கிட்டு இருந்தான். அப்புறம் 'குட்'டுன்னு பாதியில முறிச்சான். 'ரூ' வரல. உடனே நீங்க இலைக்குள்ள ஒளிஞ்சீங்க. ஏன்?"

ஒவ்வொரு இரவலுக்கும் இடது குஞ்சம் ஆடியது, வலது குஞ்சம் ஆடியது. குக்குறுவானின் குரல் அவன் கரகரப்புக்குள் நூல்போல நுழைந்து வெளியே வந்தது. தைத்த இடம் தெரியவில்லை.

தவிட்டுக்குருவிகளில் மூத்தது யோசித்தது. "தெரியல அண்ணே. பாட்டு சட்டுன்னு நின்னுது. என்னமோ மாதிரி இருந்துது. ஒளிஞ்சோம்."

"நீங்க ஒளிஞ்சதுக்கு அப்புறம்தான் வல்லூறு 'கீ, கீ'ன்னு மேல போச்சு."

அதே குரல்தான். இந்தத் தடவை யாரும் ஓடவில்லை. குஞ்சத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"வல்லூறு வர்றது அவனுக்குத்தான் முதல்ல தெரியுது. கத்தினா அதுக்கும் இவன் இருக்கிற இடம் தெரிஞ்சிடும். அதனால பாட்டை நிறுத்துறான். நிறுத்துறது உங்களுக்குக் கேக்கணும்னுதான் நாள் முழுக்கப் பாடுறான். அந்த வராத 'ரூ'தான் பாட்டோட பொருள். அதுல பொருள் இல்லன்னா, உங்க ஏழு பேர்ல பாதிப் பேர் நேத்தே காணாமப் போயிருப்பீங்க."

தவிட்டுக்குருவிகளும் வாயை மூடிக்கொண்டன. அதற்கு முன்னால் அப்படி நடந்ததில்லை.

"குக்குறுவான் இங்கயே இருக்கட்டும்" என்றார் இருவாச்சி.

குக்குறுவான் நன்றிகூடச் சொல்லவில்லை. கிளைக்குப் போய் "குட்ரூ, குட்ரூ" என்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தான். "ஆரம்பிச்சுட்டான்" என்றது ஒரு தவிட்டுக்குருவி. ஆனால் உட்கார்ந்து கேட்டது.

இருவாச்சி கிளம்பும்போது திரும்பிப் பார்த்தார். "தம்பி, சபை முடிஞ்சுது. வாங்கின குரலை எல்லாம் அவங்கவங்ககிட்ட திருப்பிக் கொடுத்துடு. உனக்கு உன் குரல் போதும்."

"சரிங்கய்யா" என்றான் கரிச்சான்.

அன்று முதல்தான் காட்டுக் கரிச்சானின் வாலில் இரண்டு கம்பிகளும் இரண்டு குஞ்சங்களும். அன்று முதல்தான் அவன் தன் கரகரப்பில் தொடங்கி, நடுவில் குக்குறுவானையும் வல்லூறையும் அளவாகக் கோத்து, மறுபடி தன் குரலிலேயே முடிக்கிறான். திருப்பிக் கொடுக்கத்தான் சொன்னார்கள். அவன் கொடுக்கவில்லை.